நட்சத்திரங்களைப் படம் பிடிக்க ஆடாத டிரைபாட்: தேர்ந்தெடுப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதில் முதலில் சேமித்து வைப்பது பெரும்பாலும் போட்டோக்களைத்தான். குடும்பப் படங்கள், சுற்றுலாப் படங்கள் என்று தொடங்கும் இந்தப் பழக்கம் சிலரை வானத்துப் பக்கமும் இழுத்துச் சென்றுவிடுகிறது. என்னை இழுத்துச் சென்றது. பகலில் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை, அமாவாசையை ஒட்டி வரும் சனிக்கிழமை இரவுகளில் நட்சத்திரப் படம் என்று இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. இதில் நான் செய்த ஒரு பெரிய தவறையும், அதைக் கம்ப்யூட்டர் எப்படிக் காட்டிக்கொடுத்தது என்பதையும் சொன்னால், உங்களுக்குச் சில ஆயிரம் ரூபாயும் ஓர் இரவும் மிச்சமாகலாம்.

சிறு வயதில் மொட்டை மாடியில் படுத்தபடி திருவாதிரையையும் கார்த்திகையையும் எனக்குக் காட்டியவர் அப்பா. "அந்த மூணு நட்சத்திரத்துக்குக் கீழே புகை மாதிரி ஒண்ணு தெரியுது பார், அது என்ன?" என்று அவர் அப்போது கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அது ஓரையன் நெபுலா என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதன் சிவப்பு நிறத்தை அவருக்குக் காட்ட வேண்டும் என்று ஸ்டார் டிராக்கர் ஒன்றை வாங்கி, ஒரு ஜனவரி மாதம் அவரையும் அழைத்துக்கொண்டு ஜவ்வாது மலைக்குச் சென்றேன். முழங்கால் வலியோடு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூன்று மணி நேரம் குளிரில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், 96 படங்களில் 85 வீண். நட்சத்திரங்கள் எல்லாம் கிறுக்கிய கோடுகள்.

டிராக்கர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து விற்றவரிடமே திருப்பி அனுப்பினேன். சோதித்துப் பார்த்துவிட்டு, குறை எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். உண்மையில் அவர்கள் சொன்னது சரி. குற்றவாளி, 1,400 ரூபாய்க்கு நான் வாங்கிய டிரைபாட்.

டிராக்கர் செய்யும் வேலை

பூமி தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகிறது. அதனால் வானம் ஒவ்வொரு விநாடியும் சுமார் 15 ஆர்க் செகண்ட் நகர்வதாக நமக்குத் தெரிகிறது. ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஆர்க் செகண்ட். இது மிகச் சிறிய கோணமாயிற்றே என்று தோன்றும். ஆனால் 135 மி.மீ. லென்ஸ் மாட்டிய, 3.9 மைக்ரான் பிக்ஸல் கொண்ட கேமராவில் ஒரு பிக்ஸல் பார்ப்பது வெறும் 6 ஆர்க் செகண்ட். அதாவது விநாடிக்கு இரண்டரை பிக்ஸல் தூரம் நட்சத்திரம் ஓடுகிறது. ஒரு நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்தால் 150 பிக்ஸல் நீளக் கோடு விழும்.

உங்கள் கேமராவுக்கு இதைக் கணக்கிட, பிக்ஸல் அளவை மைக்ரானில் எடுத்துக்கொண்டு 206 ஆல் பெருக்கி, லென்ஸின் போக்கல் லெங்த்தால் வகுத்திடவும். விடை, ஒரு பிக்ஸலுக்கு எத்தனை ஆர்க் செகண்ட் என்பது.

ஸ்டார் டிராக்கர் என்பது கேமராவைப் பூமி சுற்றும் திசைக்கு எதிராக, அதே வேகத்தில் மெதுவாகத் திருப்பும் சிறிய மோட்டார் பெட்டி. இதன் அச்சு வட துருவ நட்சத்திரத்தின் அருகே உள்ள வான் துருவத்தை நோக்கி இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று படம் எடுத்தாலும் நட்சத்திரம் புள்ளியாகவே விழும்.

இங்கேதான் டிரைபாட் வருகிறது. 6 ஆர்க் செகண்ட் சாய்வு என்பது, ஒரு மீட்டர் உயர டிரைபாடின் தலை 0.03 மி.மீ. நகர்வதற்குச் சமம். தலைமுடியின் பருமனில் பாதி கூட இல்லை. பகலில் குடும்பப் படம் எடுக்கும்போது இந்த ஆட்டத்தை யாரும் கவனிக்கப் போவதில்லை. நட்சத்திரப் படத்தில் அது முழுவதுமாகத் தெரியும்.

குற்றவாளியைக் கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்கலாம்

புதிய டிரைபாட் வாங்கக் கிளம்பும் முன், குறை டிரைபாடில்தான் உள்ளதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். படங்களை ஒரு போல்டரில் காப்பி செய்து, இர்பான்வியூ அல்லது பாஸ்ட்ஸ்டோன் இமேஜ் வியூவர் போன்ற புரோகிராமில் திறக்கவும். வீட்டு உபயோகத்திற்கு இரண்டும் இலவசம். படத்தை 100 சதவீத அளவில் வைத்து, ஒன்றன் பின் ஒன்றாக அடுத்த படத்திற்குச் செல்லவும். நட்சத்திரத்தின் வடிவம் உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடும்.

எல்லாப் படங்களிலும் ஒரே திசையில், ஒரே நீளத்தில் நேர்க்கோடுகள்: துருவ அச்சு சரியாக வைக்கப்படவில்லை, அல்லது டிராக்கர் ஓடவில்லை. நேரத்தைப் பாதியாகக் குறைத்து எடுத்துப் பாருங்கள். கோடும் பாதியானால் இதுதான் காரணம்.

கோடு எப்போதும் கிழக்கு மேற்காகவே இருக்கிறது, ஆனால் சில நிமிடங்களுக்கு ஒரு முறை நீண்டு குறைகிறது: டிராக்கரின் பற்சக்கரப் பிழை. எல்லா டிராக்கரிலும் ஓரளவு இருக்கும். நேரத்தைக் குறைத்தால் போதும்.

ஒரு படம் நன்றாக, அடுத்தது மோசமாக, கோடுகள் நெளிந்து, திசையும் மாறி மாறி இருக்கின்றன: டிரைபாட் ஆடுகிறது.

பிரகாசமான புள்ளிக்குப் பக்கத்தில் சின்ன வால் அல்லது இரட்டைப் புள்ளி: ஷட்டரை அழுத்திய கையின் அதிர்ச்சி, அல்லது கேமராவின் கண்ணாடி எழும்பிய அதிர்ச்சி. டைமரை 2 அல்லது 10 விநாடிக்கு வைத்து எடுக்கவும்.

நடுவில் உருண்டை, ஓரங்களில் மட்டும் இழுப்பு: லென்ஸின் குறை. டிரைபாட் மீது பழி போட வேண்டாம்.

என்னுடைய 85 படங்களும் மூன்றாவது வகை. இதை முதலிலேயே பார்த்திருந்தால் டிராக்கரைப் பார்சல் கட்டியிருக்க மாட்டேன். படங்களை ஒன்று சேர்க்க உதவும் இலவசப் புரோகிராமான டீப்ஸ்கைஸ்டேக்கரில் ஒவ்வொரு படத்திற்கும் மதிப்பெண் கிடைக்கும். கண்ணால் பார்த்ததை அதை வைத்தும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலில், செலவில்லாத திருத்தங்கள்

என் பழைய டிரைபாடிலேயே நான்கு தவறுகள் செய்திருந்தேன். அவற்றைத் திருத்தியதும் அடுத்த அமாவாசையில் 96க்கு 58 படங்கள் தேறின. அன்று காற்றும் குறைவு என்பதால் முழுப் பெருமையையும் திருத்தங்களுக்குத் தர முடியாது. ஆனாலும் வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது.

1. நடுத்தண்டை உயர்த்தியது. டிரைபாடின் மையத்தில் மேலே எழும்பும் தண்டு, மூன்று கால் கொண்ட பொருளை ஒரே காலாக்கிவிடுகிறது. அதை முழுவதுமாக இறக்கிப் பூட்டிவிடவும்.

2. கால்களை முழுவதும் நீட்டியது. கடைசித் துண்டுதான் மிகவும் மெலிந்தது. தடித்த மேல் துண்டுகளை மட்டும் நீட்டி, மெலிந்தவற்றை உள்ளேயே விட்டுவிடவும். நட்சத்திரப் படத்திற்கு ஆள் உயரம் தேவையில்லை. பாயில் உட்கார்ந்து பார்க்கும் உயரம் போதும்.

3. கொக்கியில் பையைத் தொங்கவிட்டது. எடை கூடினால் உறுதி கூடும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தரத்தில் தொங்கும் பை காற்றில் ஊஞ்சலாடி, டிரைபாடையும் சேர்த்து ஆட்டும். பை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கயிற்றைச் சரி செய்யவும், அல்லது மணல் பைகளைக் கால்களோடு சேர்த்துக் கட்டவும்.

4. அருகிலேயே நடந்தது. புல் தரையும் ஈர மண்ணும் காலடிக்கு அசைந்து கொடுக்கும். படம் ஓடும்போது நான்கைந்து அடி தள்ளி உட்காருங்கள். மொட்டை மாடி என்றால் வீட்டில் மாடிப்படி ஏறும் அதிர்வு கூட வரும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

எடை தாங்கும் அளவு: அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் கிலோ கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய முறையில் இதை அளக்கிறது. மேலும் அது கீழே இறங்காமல் தாங்கும் எடையைச் சொல்கிறதே தவிர, ஆடாமல் தாங்கும் எடையைச் சொல்வதில்லை. என் பெட்டியில் 5 கிலோ என்று இருந்தது. நான் ஏற்றியதோ கேமரா, லென்ஸ் 1.2 கிலோ, பால் ஹெட் 0.4, டிராக்கரும் வெட்ஜும் 1.7, எதிர் எடை 1.2 என மொத்தம் 4.5 கிலோ. கணக்குப்படி சரி, நடைமுறையில் தப்பு. உங்கள் மொத்த எடையைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு, முடிந்தால் மூன்று மடங்கு குறிப்பிடப்பட்டுள்ள டிரைபாடைத் தேடுங்கள்.

காலின் பருமன்: என்னைக் கேட்டால் இதுதான் முதலில் பார்க்க வேண்டியது. ஒரே தடிமன் உள்ள குழாயில், விட்டம் கூடினால் வளையாத தன்மை அதன் மூன்று மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 22 மி.மீ. காலை விட 28 மி.மீ. கால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உறுதி. இலேசான லென்ஸ் என்றாலும் மேல் துண்டு 28 மி.மீ. இருக்கட்டும். 200 மி.மீ. லென்ஸ் வரை போகும் எண்ணமிருந்தால் 32 மி.மீ. நல்லது.

துண்டுகளின் எண்ணிக்கை: மடித்தால் கையளவு ஆகும் ஐந்து துண்டு டிரைபாட்கள் பார்க்க அழகு. ஆனால் ஒவ்வொரு இணைப்பும் ஆட்டத்திற்கு ஓர் இடம்; கடைசித் துண்டு பென்சில் போல மெலிந்துவிடும். மூன்று துண்டு சிறந்தது. பஸ்ஸில் எடுத்துச் செல்ல வேண்டுமென்றால் நான்கு. அதற்கு மேல் வேண்டாம்.

அலுமினியமா, கார்பன் பைபரா? கார்பன் எடை குறைவு, அதிர்வையும் சீக்கிரம் அடக்கும். விலை அதிகம். ஆனால் மெலிந்த கார்பன் காலை விடத் தடித்த அலுமினியக் கால் மேல். பட்ஜெட் குறைவு என்றால் தயங்காமல் தடித்த அலுமினியம் வாங்குங்கள். மரமும் அதிர்வை நன்றாக உறிஞ்சும். ஜெர்மனியின் பெர்லெபாக் நிறுவனம் இன்றும் ஆஷ் மரத்தில்தான் டிரைபாட் செய்கிறது. நில அளவையாளர்களின் பழைய மர முக்காலி கிடைத்தாலும் விடாதீர்கள். அதன் திருகு 5/8 அங்குலம் என்பதால் அடாப்டர் ஒன்று தேவைப்படும்; எடையும் அதிகம், கார் வைத்திருப்பவர்களுக்கே சரிப்படும்.

திருகு: டிராக்கரின் வெட்ஜ் பெரும்பாலும் 3/8 அங்குலத் திருகில் அமரும். சிறிய டிரைபாட்களில் கேமராவுக்கான 1/4 அங்குலத் திருகு மட்டுமே இருக்கும். தலையைக் கழற்றினால் அடியில் 3/8 திருகும் அகலமான தட்டும் உள்ளதா என்று பார்க்கவும். தலை கழலாத வீடியோ வகை டிரைபாட் இதற்கு உதவாது. டிராக்கருக்கு அடியில் பால் ஹெட் வைப்பதும் வேண்டாம். எடை ஏற ஏற அது மெதுவாக நழுவும், துருவ அச்சு கெட்டுப்போகும்.

பூட்டுகள்: திருகும் வகை, மடக்கும் வகை இரண்டுமே நல்லவைதான். மடக்கும் வகை பூட்டியிருக்கிறதா என்பது இருட்டில் கையால் தடவினாலே தெரிந்துவிடும். கால்கள் மேலே இணையும் இடத்தில் உள்ள போல்ட்டுகளை இறுக்க ஆலன் கீ தருகிறார்களா என்றும் கேளுங்கள். அங்கே தளர்ந்தால் முழு டிரைபாடும் தளரும். ரப்பர் பாதத்தைக் கழற்றி இரும்பு முள் மாட்டும் வசதி இருந்தால், மண் தரைக்கு நல்லது.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல்

வெளிநாட்டவர் எழுதும் குறிப்புகளில் அதிகம் காணாத விஷயம் இது. துருவ நட்சத்திரம் உங்கள் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ, தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய அத்தனை டிகிரி உயரத்தில் இருக்கும். லண்டனில் 51 டிகிரி. சென்னையில் 13, மதுரையில் 10, கன்னியாகுமரியில் 8. சிங்கப்பூரில் வெறும் ஒன்று. அங்கே அது கண்ணில் படுவதே அரிது. உங்கள் ஊருக்கு எவ்வளவு என்பதை, ஸ்டெல்லேரியம் என்ற இலவசப் புரோகிராமை இன்ஸ்டால் செய்து, ஊரைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இதனால் நம் ஊரில் டிராக்கரின் அச்சு கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருக்கும். லண்டன்காரருக்குக் கேமராவின் எடை டிரைபாடின் தலைக்கு அருகில் நிற்கும். நமக்கு அது வடக்குப் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எனவே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, டிரைபாடின் ஒரு கால் சரியாக வடக்கு நோக்கி, எடைக்கு நேர் கீழே இருக்க வேண்டும். இரண்டு கால்களுக்கு நடுவில் எடை நீட்டிக்கொண்டிருந்தால், ஆடுவது மட்டுமல்ல, கவிழ்ந்தும் விடும். இரண்டு, வெட்ஜ் உங்கள் அட்சரேகை வரை இறங்குமா என்று வாங்கும் முன் கேளுங்கள். மூன்று, அச்சு சுற்றும்போது கேமராவோ எதிர் எடையோ டிரைபாடின் காலில் இடிக்கிறதா என்று பகலிலேயே ஒரு முறை சுற்றிப் பாருங்கள். இடித்தால், மெலிந்த நடுத்தண்டை உயர்த்தாமல், குட்டையான தடித்த எக்ஸ்டென்ஷன் துண்டு ஒன்றைப் போடவும்.

இது நமக்கு மட்டும் வந்த கவலை இல்லை. ஜவ்வாது மலையின் காவலூரில், 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இதே 12 டிகிரிச் சொச்சத்தில்தான் நிற்கிறது. அதன் அச்சின் வடமுனையைப் பெரிய குதிரைலாட வடிவ அமைப்பு ஒன்று தாங்குகிறது. குறைந்த அட்சரேகைக்கு ஏற்ற வடிவம் அது. நம் வடக்குக் காலும் சிறிய அளவில் அந்த வேலையைத்தான் செய்கிறது.

கடையிலேயே ஒரு டெஸ்ட்

ஆட்டத்தைக் கண்ணால் அளக்க முடியாது. செல்போனால் முடியும். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட பைபாக்ஸ் என்ற இலவச ஆப்பை டவுண்லோட் செய்துகொள்ளுங்கள். அதில் ஈர்ப்பு விசை நீங்கலான முடுக்கத்தை அளக்கும் பிரிவைத் தேர்ந்தெடுக்கவும். டிரைபாடை நீங்கள் பயன்படுத்தப் போகும் உயரத்திற்கு நீட்டி, மேல் தட்டின் மீது போனை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டவும். அளவீட்டைத் தொடங்கி, ஒரு காலின் நடுவில் விரலால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டவும். அலை எழும்பி அடங்குவது திரையில் தெரியும்.

இரண்டைப் பார்க்க வேண்டும். அலை எவ்வளவு உயரம், அடங்க எவ்வளவு நேரம். ஒரே கடையில் மூன்று டிரைபாட்களை ஒரே உயரத்தில், ஏறக்குறைய ஒரே அளவு தட்டித் தட்டிப் பார்த்தால் எது நல்லது என்று விளங்கிவிடும். அளவுகளை எக்ஸெல் பைலாக எக்ஸ்போர்ட் செய்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் லிப்ரே ஆபீஸ் கால்க் மூலம் மூன்று வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் ஒப்பிடலாம். என் பழைய டிரைபாட் அடங்க ஐந்து விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டது. இப்போது இருப்பது ஒரு விநாடிக்குள் அடங்குகிறது. கடைக்காரர் முதலில் என்னை விநோதமாகப் பார்த்தார். பிறகு அவரே மற்ற டிரைபாட்களையும் எடுத்து வந்து தட்டிப் பார்க்கச் சொன்னார்!

தூக்கிச் செல்ல முடிய வேண்டும்

எவ்வளவு உறுதியான டிரைபாடும் வீட்டு மூலையில் நின்றால் பயனில்லை. இருட்டான இடம் பெரும்பாலும் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும் தூரத்தில்தான் இருக்கும். இரண்டு கிலோவை ஒட்டிய எடை, மடித்தால் 60 செ.மீ.க்குள் நீளம் என்று நான் எல்லை வைத்துக்கொண்டேன். நான்கு துண்டு, 28 மி.மீ. அலுமினியம், கழற்றக்கூடிய நடுத்தண்டு. விலை 8,000 ரூபாய்க்கும் சற்று அதிகம். டிராக்கருக்கும் லென்ஸுக்கும் செலவழித்துவிட்டு டிரைபாடில் மிச்சம் பிடிப்பது, நல்ல கம்ப்யூட்டர் வாங்கி அதை ஆடும் ஸ்டூலில் வைப்பது போன்றது. முழுப் பட்ஜெட்டையும் எழுதும்போதே டிரைபாடுக்கு ஒரு பங்கை ஒதுக்கிவிடுங்கள்.

இப்போது டிரைபாட் இல்லாதவர்கள், அவசரப்பட்டு எதையும் வாங்க வேண்டாம். இருப்பதை நண்பரிடம் இரவல் வாங்கி, மொட்டை மாடியிலேயே மேலே சொன்ன நான்கு திருத்தங்களுடன் எடுத்துப் பாருங்கள். படங்களைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்து, குறை எதுவென்று தெரிந்த பிறகு செலவு செய்யுங்கள்.

அடுத்த ஜனவரியில் மீண்டும் அதே மலைக்கு அப்பாவை அழைத்துச் சென்றேன். வடக்குக் காலை நானே ஊன்றாமல், திசைகாட்டியை அவர் கையில் கொடுத்து அவரையே ஊன்றச் சொன்னேன். 96 படங்களில் 87 தேறின. வீட்டில் டீப்ஸ்கைஸ்டேக்கர் அவற்றை ஒன்றாகச் சேர்த்து முடிக்கும் வரை மானிட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். சிவப்புச் சிறகு விரித்த மாதிரி நெபுலா திரையில் வந்தபோது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "புகைன்னு நினைச்சேன்" என்றார். அந்தப் படம்தான் இப்போது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் வால்பேப்பர்.